டீம் போட்டாச்சோ?

2024 ஓகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. இரவு பத்தரை தாண்டிவிட்டது. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளட் பல்கனியில் போனும் கையுமாக இருக்கிறேன். கீழே மரைன் டிரைவில் வாகனங்கள் குறைந்துவிட்டன. தெஹிவளைப் பக்கம் ஒரு ரயில் போகிறது. பதினொரு மணிக்குள் பதினைந்து உதைபந்தாட்ட வீரர்களைத் தெரிவு செய்து முடிக்க வேண்டும். திரையில் நூற்றுக்கணக்கான பெயர்கள். அவற்றில் எனக்குத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர்தான்.

வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்.

"டீம் போட்டாச்சா?"

"போட்டாச்சோ?"

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்கு 'ஆச்சா'. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு 'ஆச்சோ'. இத்தனை வருடம் பழகியும் அந்த ஓர் எழுத்தை இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அது நேரத்தை ஞாபகப்படுத்துகிற ஒரு கேள்வி மட்டும்தான். அதற்குள் வேறு எதையெல்லாம் விசாரிக்கலாம் என்று விளங்க எனக்கு ஒரு முழு சீசன் தேவைப்பட்டது.

155

நாங்கள் ஆறு பேர். ஏ.எல். படித்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரே டியூஷனுக்குப் போனவர்கள். பொடியங்கள் மூன்று பேர் கொட்டாஞ்சேனையிலிருந்து 155ஆம் இலக்க பஸ்ஸில் வருவார்கள். வகுப்பு முடிந்ததும் அவர்களை ஏற்றிவிட நாங்கள் மூன்று பெட்டைகளும் காலி வீதியில் நிற்போம். பஸ் வரும், கதை முடிந்திருக்காது, அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பார்கள். மட்டக்குளிக்குப் போகிற 155ஐ அப்படி எத்தனை தரம் வெறுமனே போகவிட்டிருப்போம் என்று கணக்கில்லை.

பொடியங்களுக்கு உதைபந்தாட்டம்தான் உயிர். கொட்டாஞ்சேனைப் பக்கம் அப்படி. புனித பெனடிக்ட் கல்லூரியும் சுகததாச விளையாட்டரங்கும் அவர்களுக்கு நடந்து போகிற தூரம். எங்கள் வீடுகளில் கிரிக்கெட். 2024 ஓகஸ்ட் வரைக்கும் நான் ஓர் உதைபந்தாட்ட மெட்ச்சைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்ததே இல்லை.

2022இல் எரிபொருள் வரிசையிலும் பதின்மூன்று மணிநேர மின்வெட்டிலும் நாடு கிடந்தபோது எங்கள் ஆறு பேரும் கலைந்தோம். ஒருவன் ஸ்காபரோ போனான், ஒருவன் மெல்பேர்ன், ஒருத்தி துபாய். இன்னொருத்தி அதற்கு முதலே கலியாணம் செய்துகொண்டு லண்டன் ஹரோவுக்குப் போயிருந்தாள். இங்கே மிஞ்சியது கொட்டாஞ்சேனையில் ஒருவனும் வெள்ளவத்தையில் நானும். குழுவில் பிறந்தநாள் வாழ்த்தும் பொங்கல், நத்தார் வாழ்த்தும் மட்டும் வந்துகொண்டிருந்தன. கோபம் ஒன்றுமில்லை. கேட்க ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்காபரோவில் இருப்பவன்தான் டீம் போடுகிற இந்த விளையாட்டில் எங்களுக்கென்று ஒரு லீக்கைத் தொடங்கி அதில் சேருவதற்கான குறியீட்டை அனுப்பினான். லீக்கின் பெயர் '155'. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் சேர்ந்தேன்.

நூறு மில்லியனுக்குள் ஒரு வீடு

தெரியாதவர்களுக்காக விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்து பிரீமியர் லீக்கே நடத்துகிற இலவச விளையாட்டு இது. கையில் 100 மில்லியன் பவுண் கற்பனைக் காசு தருவார்கள். அதற்குள் இரண்டு கோல் காப்பாளர், ஐந்து பின்கள வீரர், ஐந்து நடுக்கள வீரர், மூன்று முன்கள வீரர் வாங்க வேண்டும். ஒரே கழகத்திலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்க முடியாது. ஒவ்வொரு கிழமையும் அந்தப் பதினைந்து பேரில் பதினொரு பேரை இறக்குகிறோம். அவர்கள் உண்மையான மெட்ச்சில் என்ன செய்கிறார்களோ அதுதான் எங்கள் புள்ளி. கப்டனாகப் போடுகிறவருக்கு இரண்டு மடங்கு. இப்படி 38 சுற்று. கிழமைக்கு ஓர் ஆளை இலவசமாக மாற்றலாம், அதற்கு மேல் மாற்றினால் ஓர் ஆளுக்கு நான்கு புள்ளி வெட்டு.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். உதைபந்தாட்டம் தெரியாவிட்டாலும் வரவு செலவு தெரியும். அந்த சீசனில் ஹாலண்டின் விலை 15 மில்லியன், சலா 12.5, கோல் பால்மர் 10.5. மூன்று பேருக்கே 38 போய்விட்டது. மிச்சம் 62இல் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐந்து மில்லியன் சொச்சம். சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு மாதத்தை ஓட்டுகிற எவருக்கும் இந்தக் கணக்குப் பழக்கமானதுதான்.

அந்த ஐந்து மில்லியன்காரர்களைத் தேடும்போதுதான் எனக்கு இந்த விளையாட்டில் பிடிப்பு வந்தது. பெரிய பெயர்களை யாரும் வாங்கலாம். நடுத்தரக் கழகத்தில் கிழமைக்குக் கிழமை தொண்ணூறு நிமிடமும் நிற்கிற ஒரு பின்கள வீரரைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். அறுபது நிமிடம் களத்தில் நின்றாலே இரண்டு புள்ளி. கழகம் கோல் வாங்காமல் இருந்தால் பின்கள வீரருக்கு மேலும் நான்கு. முன்கள வீரர் கோல் போட்டால் நான்கு, நடுக்கள வீரர் போட்டால் ஐந்து, பின்கள வீரர் போட்டால் ஆறு. கோலுக்குக் கிட்ட நிற்பவனுக்குக் குறைய, தூர நிற்பவனுக்குக் கூட. இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது.

அப்பாவின் சீ.ஆர். கொப்பி

முதல் கிழமை சலாவைக் கப்டனாகப் போட்டேன். இப்ஸ்விச்சோடு லிவர்பூல் 2-0. சலா ஒரு கோல் போட்டு, இன்னொரு கோலுக்குப் பந்தும் கொடுத்தார். எங்கள் நேரம் பின்னேரம் ஐந்து மணி மெட்ச். நான் கத்திய சத்தத்தில் அப்பா அறைக்குள்ளிருந்து எழும்பி வந்துவிட்டார்.

"என்ன பிள்ளை, ஆருக்கு என்ன?"

விளங்கப்படுத்தினேன். ஒன்றும் சொல்லாமல் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து மிச்ச மெட்ச்சைப் பார்த்தார். பிறகுதான் எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொன்னார். 1995இல் அவர் புறக்கோட்டையில் வேலை செய்துகொண்டு கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாராம். அந்த வருடம் தெற்காசியத் தங்கக் கிண்ணப் போட்டி சுகததாசவில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் இலங்கை, மேலதிக நேரத்தில் போட்ட ஒரே கோலால் இந்தியாவை வென்றது. அந்தக் கூட்டத்துக்குள் அப்பாவும் நின்றிருக்கிறார். கொழும்பில் ஒரு தமிழ் இளைஞன் வெளியில் போனால் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொள்கிற காலம் அது. "அண்டைக்கு ரெண்டு மணித்தியாலம் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல" என்றார்.

அடுத்த நாள் கடையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்தார். சீசன் முழுக்க எங்கள் ஆறு பேரின் புள்ளியும் பென்சிலால் அதில் ஏறியது. போனில் எல்லாம் தானாகக் கூட்டி வரும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பிறகு வாசித்தபோது, இந்த விளையாட்டே அப்படித்தான் தொடங்கியது என்று அறிந்தேன். இத்தாலியில் ரிக்கார்டோ அல்பினி 1990இல் இதை உதைபந்தாட்டத்துக்குக் கொண்டுவந்தபோதும், அடுத்த வருடம் இங்கிலாந்தில் அண்ட்ரூ வெயின்ஸ்டீன் தொடங்கியபோதும், இணையம் இல்லை. பத்திரிகையைப் பார்த்துக் கையால் கூட்டியிருக்கிறார்கள். இப்போதைய இணைய விளையாட்டு 2002இல் வந்தது. நான் சேர்ந்த சீசனில் உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் விளையாடினார்கள்.

அப்பா எனக்கு ஒரு பாடமும் சொல்லித்தந்தார். "பந்தைப் பாக்காத. பந்து இல்லாதவன் எங்க ஓடுறான் எண்டு பார்." அதற்குப் பிறகுதான் மெட்ச் எனக்கு மெட்ச்சாகத் தெரியத் தொடங்கியது. அப்படிப் பார்த்துத்தான் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டின் கிறிஸ் வூட்டைக் கண்டேன். நியூசிலாந்துக்காரர், வயது முப்பத்திரண்டு, விலை 6 மில்லியன். ஓட்டத்தில் வேகம் இல்லை. ஆனால் பந்து வந்து விழப்போகிற இடத்தில் முன்கூட்டியே நிற்பார். முந்தைய சீசனில் பதினேழாம் இடத்தில் தப்பிப் பிழைத்த கழகம் அந்த முறை ஏழாம் இடத்துக்கு வந்தது. வூட் போட்ட கோல்கள் 20.

வாக்குச்சாவடி வரிசையில்

பிழையும் விட்டேன். செப்டெம்பர் 21, ஜனாதிபதித் தேர்தல் நாள். எங்கள் நேரம் மூன்றரைக்கு டீம் மூடப்படும், நான்கு மணிக்கு வாக்களிப்பு முடியும். போனை உள்ளே பார்க்கக் கூடாது என்பதால் வரிசைக்குப் போக முதல் அவசரமாக பால்மரை விற்றேன். அவர் முந்தைய மெட்ச்சில் கோல் போடவில்லை, அதுதான் காரணம். அன்று பின்னேரம் அவர் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அடுத்த சனிக்கிழமை பிரைட்டனுக்கு எதிராக முதல் பாதியிலேயே நான்கு கோல். பிரீமியர் லீக்கில் அதுவரை வேறு யாரும் செய்யாத காரியம்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. ஒரே ஒரு கிழமை பேசாமல் இருந்தவனை நான் கைவிட்டேன் என்ற எண்ணம் ஏனோ வருத்தியது. திரும்ப வாங்கும்போது விலையும் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு முறை சறுக்கினவரை உடனே மாற்றுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

இன்னொரு விதியை எல்லோரும் சேர்ந்து வைத்தோம்: காசு வைப்பதில்லை. கடைசியாக வருகிறவர், கொழும்புக்கு வரும்போது கொத்து வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதிரி விளையாட்டுகளில் காசு கட்டி அழிந்த குடும்பங்கள் உண்டு. 2025இல் இந்தியா பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டம் போட்டே தடை செய்தது. நண்பர்களோடு விளையாடத் தொடங்குகிறவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது இதுதான், தயவுசெய்து காசைக் கொண்டுவராதீர்கள். எங்களுக்குள் காசு இருந்திருந்தால் அடுத்து நான் சொல்லப்போவது நடந்திருக்குமோ தெரியாது.

புயல்

டிசம்பர் 7, சனிக்கிழமை. ஒரு கிழமைக்கு முதல்தான் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் இங்கே வெள்ளத்தைக் கொண்டுவந்து, ஏ.எல். பரீட்சையையே இடையில் நிறுத்தியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சரிந்திருக்கிறேன், கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு.

"ஏய், சலாவ கேப்டன்ல இருந்து எடு. அங்க புயலாம். எவர்ட்டன் மெட்ச் இல்ல."

டராக் என்ற புயல் பிரித்தானியாவை அடித்துக்கொண்டிருந்தது. லிவர்பூல் எவர்ட்டனோடு ஆடவிருந்த மெட்ச்சைப் பாதுகாப்புக்காகத் தள்ளிவைத்துவிட்டார்கள். என் டீமில் லிவர்பூல் ஆட்கள் மூன்று பேர். நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். நாலரைக்குள் எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினேன்.

அந்தக் கிழமை அவன் என்னைவிட ஆறு புள்ளிதான் முன்னுக்கு. பேசாமல் இருந்திருந்தால் தூரப் போயிருக்கலாம். ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "டீம் ஒழுங்கா போட்டு வெல்லு. புயல்ல வெல்றதுல என்ன இருக்கு?" என்றான்.

சிவப்புக் கொடி

இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

ஒவ்வொரு கிழமையும் டீம் மூடப்பட்ட பிறகு மற்றவர்களின் டீமையும் திறந்து பார்க்கலாம். ஜனவரி 4ஆம் திகதி அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மெல்பேர்னில் இருப்பவனின் டீமில் கப்டன் புக்காயோ சாக்கா. சாக்கா டிசம்பர் 21ஆம் திகதியே தொடைத் தசை கிழிந்து வெளியேறிவிட்டார். பல மாதம் விளையாட மாட்டார் என்பது ஊரறிந்த செய்தி. பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடி. முந்தைய சுற்றைத் திறந்தேன், அதே சாக்கா, அதே கப்டன். அதற்கு முந்தையதும் அப்படியே. மூன்று சுற்றாக அந்த டீமை யாரும் தொடவில்லை.

எங்களில் அதிகம் உதைபந்தாட்டம் தெரிந்தவன் அவன். பள்ளிக்கூட டீமில் விளையாடியவன். விடிய மூன்றரை மணிக்கு எழும்பி டீமைச் சரிபார்க்கிறவன். குழுவில் எல்லோருடைய பகிடிக்கும் சிரிக்கிற முகம் போட்டுக்கொண்டுதான் இருந்தான், நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் வாழ்த்து அனுப்பினான். அவற்றில் ஒன்றிலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்தச் சிவப்புக் கொடியில் தெரிந்தது.

ஞாயிறு காலை அவனுக்குப் போன் எடுத்தேன். முதல் தரம் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் எடுத்தான்.

"சாக்காவை ஏன் இன்னும் வைச்சிருக்கிறாய்?" என்று மட்டும்தான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான். டிசம்பர் நடுவில் வேலை போய்விட்டது. ஊரில் அம்மாவுக்குச் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. விசாவும் வாடகையும் என்ன ஆகும் என்ற யோசனையில் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்திருக்கிறான். ஒன்றரை மணித்தியாலம் கதைத்தோம். பாதி நேரம் அழுதான். அவன் சம்மதத்தோடு மற்றவர்களுக்கும் சொன்னேன். அன்றிரவு ஆறு பேரும் ஒரே வீடியோ அழைப்பில் வந்தோம், கலைந்த பிறகு முதல் முறையாக. ஹரோவில் இருப்பவள் அவனுடைய விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுத்தாள். துபாயில் இருப்பவள் கொஞ்சக் காசு அனுப்பினாள். கொட்டாஞ்சேனையில் இருப்பவன் 'சும்மா வந்தேன்' என்று சொல்லி அவனுடைய அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

அழைப்பு முடியப் போகிற நேரத்தில் ஸ்காபரோக்காரன் கேட்டான்: "சரி, யாரடா சாக்காவுக்குப் பதிலா?" மெல்பேர்னில் இருப்பவன் சிரித்தான். அடுத்த சுற்றுக்கு அவனுடைய டீம் மாறியிருந்தது. மார்ச் மாதம் வேறு வேலை கிடைத்தது.

இரவு ஒரு மணி மெட்ச்

24ஆம் சுற்றை அப்பா கொப்பியில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். புயலில் தள்ளிவைத்த மெட்ச்சை அந்தச் சுற்றில் சேர்த்ததால் லிவர்பூலுக்கும் எவர்ட்டனுக்கும் இரண்டு ஆட்டம். கப்டனின் புள்ளியை மும்மடங்காக்குகிற சலுகையைச் சலாவுக்குப் போட்டேன். பெப்ரவரி 1ஆம் திகதி பின்னேரம் ஃபொரஸ்ட் பிரைட்டனை 7-0 என்று வென்றது, கிறிஸ் வூட் மூன்று கோல். அது தொடங்கி இரண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஆரம்பித்த மெட்ச்சில் சலா போர்ன்மவுத்துக்கு எதிராக இரண்டு கோல்.

அடுத்த மெட்ச்சுக்குப் பதினொரு நாள் காவல். அதற்குள் 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுக்க மின்சாரம் போனது. 11 தைப்பூசம், 12 நவம் போயா. அந்தப் போயா இரவு தாண்டி ஒரு மணிக்கு நானும் அப்பாவும் பிளேன்டீயோடு இருந்தோம். சலா ஒரு கோலுக்குப் பந்து கொடுத்தார், பிறகு தானும் ஒன்று போட்டார். 98ஆவது நிமிடத்தில் எவர்ட்டனின் பின்கள வீரர் டார்கோவ்ஸ்கி அடித்த அடியில் மெட்ச் 2-2. டார்கோவ்ஸ்கி இருந்தது கொட்டாஞ்சேனையில் இருப்பவனின் டீமில். ஐந்து நேர வலயத்திலிருந்தும் குழுவில் செய்தி வந்து குவிந்தது. அந்த இரவு யார் யாரை வென்றார்கள் என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை, கொப்பியைத்தான் பார்க்க வேண்டும்.

சீசன் முடிவில் லிவர்பூல் சாம்பியன். சலா 29 கோலும் 18 அசிஸ்ட்டுமாக எடுத்த 344 புள்ளி இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே ஒரு வீரர் ஒரு சீசனில் எடுத்த அதிகூடிய புள்ளி. எங்கள் லீக்கில் கொட்டாஞ்சேனை முதலாமிடம், நான் மூன்றாமிடம். துபாயில் இருப்பவள் ஆடி மாதம் வந்து காலி வீதியில் எங்கள் மூன்று பேருக்கும் கொத்து வாங்கினாள், அப்பாவுக்கும் ஒன்று.

அன்று சாப்பிடும்போது விமல் யோகநாதனைப் பற்றிக் கதைத்தோம். வேல்ஸில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், 2023இல் பார்ன்ஸ்லியின் முதல் அணியில் இறங்கினார். இங்கிலாந்தில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிய முதல் தமிழர் என்று சொல்கிறார்கள். பார்ன்ஸ்லி பிரீமியர் லீக்கில் இல்லை, அதனால் அவர் பெயர் எங்கள் பட்டியலில் வராது. ஒரு நாள் அந்தப் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் வந்தால் என்ன விலை என்றாலும் ஆறு பேரும் வாங்குவோம் என்று முடிவெடுத்திருக்கிறோம்.

2025 ஓகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை, புதிய சீசன். அப்பா புதுக் கொப்பியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும், போன் ஒலித்தது. மெல்பேர்னில் அப்போது விடிய இரண்டரை.

"டீம் போட்டாச்சா?"

இந்த முறை அவன்தான் எல்லோருக்கும் முதல் கேட்டிருந்தான்.